கல்லூரிப் பிள்ளைகளுக்காகச் சேர்ந்த 4,35,000 ரூபாய்: எப்படிக் கொடுத்தால் சரியாக இருக்கும்?

ஈத்தாமொழிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரு தொகை கையில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்ற பேச்சு நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வரும் அளவுக்குப் போய்விட்டது. கல்லூரியில் வேலை பார்த்தவர்கள், உதவி வாங்கிப் படித்தவர்கள் யாராவது இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

நாங்கள் 1997-இல் வேதியியல் வகுப்பில் சேர்ந்து 2000-இல் வெளியே வந்தவர்கள். நாகர்கோவிலை ஒட்டிய கல்லூரி. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். 31 பேர் பழைய வகுப்பறையிலேயே கூடினோம். திருவட்டார்ப் பக்கம் விளை (தோட்டம்) வைத்திருக்கும் நண்பன் ஒருவன் ஆள் உயரத்துக்கு ஒரு செவ்வாழைக் குலையைத் தோளில் சுமந்து வந்தான். அறுப்புப் பண்டிகைக்கு ஆலயத்தில் ஏலம் விடுவதைப் போலவே விடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு தரம், இரண்டு தரம் என்று தொடங்கி முதல் ஏலம் 6,000 ரூபாயில் நின்றது. எடுத்தவன் குலையை மறுபடி மேசைமேல் வைத்து, "திரும்ப ஏலம் விடு" என்றான். அப்படியே நான்கு முறை அந்தக் குலை கைமாறியது. நான்காவதாக எடுத்த தோழி அதைக் கல்லூரி விடுதிச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டாள். குலையில் மட்டும் 38,000 ரூபாய் சேர்ந்தது. மற்றவர்கள் பிறகு அனுப்பியதையும் கூட்டினால் 4,35,000 ரூபாய்.

பணம் சேர்ந்தது வரை மகிழ்ச்சிதான். அதற்குப் பிறகு மூன்று கட்சி ஆகிவிட்டோம். மறைந்த எங்கள் துறைத் தலைவர் பெயரில் முழுத் தொகையையும் வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெறுபவருக்குப் பரிசு தரலாம் என்கிறார்கள் சிலர். கல்லூரி விழாவில் ஏழைப் பிள்ளைகள் 20 பேரை மேடைக்கு அழைத்து ஆளுக்கு ஒரு காசோலை கொடுத்தால் மற்றப் பழைய மாணவர்களுக்கும் கொடுக்கத் தோன்றும் என்பது இரண்டாவது கட்சி. முதல்வரைப் பார்க்கப் போன நண்பர்களிடம் அவர், கருத்தரங்க அறைக்குப் புரொஜெக்டரும் நாற்காலிகளும் வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அதுவும் நியாயமான தேவைதான்.

எனக்கு இந்த மூன்றிலும் மனம் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். என் அப்பா தேங்காய் வெட்டுக்குப் போனவர். அண்ணன் பாலிடெக்னிக்கிலும் நான் கல்லூரியிலுமாக நான்கு ஆண்டுகள், ஜூன் வந்தால் அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போய்விடும். அந்த நாட்களில் அம்மா காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருப்பார். பள்ளிக்கூட வாசலில் யாராவது கேட்டால், "காதில் புண், அதனால் கழற்றியிருக்கிறேன்" என்பார். ஓணத்துக்கு மீட்பார், சில ஆண்டு தீபாவளி ஆகிவிடும். நான் முதல் மதிப்பெண் வாங்கியதில்லை. மேடையில் என் பெயரைச் சொல்லிக் காசோலை கொடுத்திருந்தால் அம்மா கல்லூரிப் பக்கமே வந்திருக்கமாட்டார். எங்களைப் போன்ற வீட்டுக்கு இந்தப் பணம் எந்த வழியில் போய்ச் சேரும்?

தக்கலை ஆசிரியர்

வைப்புநிதியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். நான் பள்ளி ஆசிரியன். கல்லூரியில் எனக்குக் கிடைத்த பரிசு 150 ரூபாய். யாரோ ஒரு வக்கீல் தம் மகள் நினைவாக வைத்த நிதி. அந்த மகளின் பெயரை நான் இன்றும் சொல்வேன். படிப்பில் முந்தும் பிள்ளைக்கு ஊர் கொடுக்கும் மரியாதை அது. வறுமையை மட்டுமே பார்த்துக் கொடுத்தால், நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைக்குத் தன் படிப்பை யாரும் கவனிக்கவில்லை என்று தோன்றிவிடும். முழுத் தொகை வேண்டாம், ஒரு பகுதியாவது உங்கள் துறைத் தலைவர் பெயரில் இருக்கட்டும்.

பார்வதிபுரத்து அக்கா

தம்பி, நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 29 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அதில் 11 ஆண்டு கட்டணம் வாங்கும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மாவின் கம்மலைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. கம்மல் ஏன் ஜூன் மாதம் போயிற்று?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்லூரி திறக்கிற நேரமும் மழை திறக்கிற நேரமும் ஒன்று. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் குலசேகரம், அருமனை, கடையால் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். மழைக்கு மறைப்புக் கட்டிய மரங்களில் மட்டும் கொஞ்சம் வெட்டு நடக்கும். கடற்கரையில் கீழைக் கடல் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. முட்டம், குளச்சல் என்று மேலைக் கடல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஆனி, ஆடியில் கடல் அடிக்கிற அடியில் சிறு வள்ளமும் இறங்காது. கட்டிட வேலைக்குப் போகிறவர்களுக்கும் மழையில் வேலை இல்லை. வீட்டில் பத்து ரூபாய் புழங்காத அந்த இரண்டு மாதத்தில்தான் நாங்கள் சேர்க்கைக் கட்டணம், சீருடை, விடுதி முன்பணம், பரிசோதனைக்கூட நோட்டு என்று எல்லாவற்றையும் கேட்கிறோம்.

கொடுக்கிறவர்கள் எப்போது கொடுக்கிறார்கள்? கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொங்கலில், பிப்ரவரி கல்லூரி விழாவில். பிப்ரவரியில் மேடையில் காசோலை வாங்குகிற பிள்ளை எப்படியோ கட்டணத்தைக் கட்டி உள்ளே வந்துவிட்ட பிள்ளை. ஜூனில் வராமலே போனவன் அந்த மேடைக்கு முன்னாலும் இருக்கமாட்டான், பின்னாலும் இருக்கமாட்டான். எண்ணிக்கையிலேயே வராதவனுக்கு யார் உதவுவது?

ஒரு பையனைச் சொல்கிறேன். கடையால் பக்கத்திலிருந்து வருவான். விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு இருநூறு மரம் வெட்டிவிட்டுப் பஸ் ஏறுவான். வரிசையில் நிற்கும்போது விரலிடுக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூல் நூலாக உரித்துக்கொண்டே நிற்பான். ரப்பர் ஷீட் அடிக்கிற ஆசிட் வாடை சன்னல் வழியாக எனக்கு வரும். அவன் முறை வந்ததும், "மேடம், கடைசித் தேதி என்றைக்கு?" என்பான். சொல்வேன், போய்விடுவான். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே வரிசை, அதே கேள்வி. மூன்றாவது முறை வந்தபோது எனக்குப் புரிந்தது. கடைசித் தேதி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, அவன் வாசிக்கத் தெரியாதவன் அல்ல. கையில் பணம் இல்லை, ஆனால் சன்னலை விட்டுப் போகவும் மனம் இல்லை. அதற்குப் பிறகு கடைசித் தேதியை இரண்டு முறைக்கு மேல் கேட்கிற பிள்ளையின் பெயரை மேசை இழுப்பறையில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். எந்த வருமானச் சான்றிதழும் அந்தக் குறிப்பைப் போல் உண்மை சொன்னதில்லை.

அந்த ஆண்டு பேராசிரியர்கள் நான்கு பேரும் நானும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சிறு தொகையை உறையில் வைத்துக்கொண்டோம். பிறகு ஊர்க்காரர்கள், பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்தார்கள். முறை இதுதான். பிள்ளையின் கையில் பணம் கொடுப்பதில்லை. அவன் பெயரில் ரசீது போட்டு, "கட்டணம் கட்டியாயிற்று, வகுப்புக்குப் போ" என்போம். அரசு உதவித்தொகை அவன் வங்கிக் கணக்கில் பின்னால் வந்து சேர்ந்தால், முடிந்தால் திருப்பிப் போடலாம். கட்டாயம் இல்லை, கையெழுத்தும் இல்லை. வாங்கியவர்களில் பாதிக்கு மேல் திருப்பித் தந்தார்கள். வேலைக்குப் போன பிறகு வந்து இரட்டிப்பாகத் தந்தவர்களும் உண்டு.

அரசு இப்போது நிறையவே செய்கிறது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் தனியார் பள்ளிகள் அதிகம். அங்கே படித்த பெண்கள் முதலில் புதுமைப் பெண் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் அந்தத் திட்டத்தை விரித்தார்கள். அதே உதவிபெறும் பள்ளியில் ஆங்கில வழி வகுப்பில் இருந்தவர்கள் அப்போதும் வெளியேதான் நின்றார்கள். இடையில் ஓராண்டு மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு மாறியவர்கள், வங்கிக் கணக்கில் ஆதார் இணையாமல் பணம் நின்றுபோனவர்கள், உதவிபெறும் பிரிவில் இடம் கிடைக்காமல் அதே கட்டிடத்தில் சுயநிதிப் பிரிவில் கூடுதல் கட்டணம் கட்டிப் படிப்பவர்கள், இவர்களையெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்து தேடினால்தான் கிடைப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாருடைய பட்டியலிலும் இல்லாத பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். அம்மா மட்டும் முந்திரி ஆலைக்குப் போய் வளர்க்கும் பிள்ளை, கலப்புத் திருமணம் செய்து இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்ட வீட்டுப் பிள்ளை, பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து அணையைப் படகில் கடந்து வந்து பஸ் பிடிக்கிற பிள்ளை. உங்கள் வகுப்பில் எல்லாச் சமுதாயத்தாரும் இருப்பீர்கள். அதனால் இவர்களுக்குக் கொடுக்க உங்களால்தான் முடியும்.

கொடுப்பது ஒன்றும் நமக்குப் புதிது அல்ல. என் பாட்டி அடுப்படியில் ஒரு சிறு மண்கலயம் வைத்திருந்தார். உலைக்கு அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி சிறியதானதே தவிர நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடி அரிசி ஆலயத்துக்குப் போகும். அங்கே ஏலம் விட்ட பணத்தில் விடுதிப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை மண்டபத்துக்கும் நாடு முழுவதும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாக மக்கள் கொடுத்திருக்கிறார்கள். கலயத்தில் யார் எந்தப் பிடியைப் போட்டார் என்று யாரும் கேட்டதில்லை. நீங்களும் பெயர் எழுதாமல் கொடுங்கள், ஜூன் முதல் வாரத்தில் ரொக்கம் கல்லூரியில் இருக்கும்படி கொடுங்கள்.

அபுதாபியில் இருப்பவன்

அக்கா எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நான் அழகியபாண்டிபுரத்துக்காரன். எங்கள் வகுப்புக் குழுவும் பணம் சேர்க்கிறது. ஒரு நண்பனின் சேமிப்புக் கணக்கில் எல்லாரும் போட்டு வைத்திருக்கிறோம். நான் இந்தியப் பாஸ்போர்ட்காரன், ஒருவன் மட்டும் கனடாக் குடிமகன் ஆகிவிட்டான். இதில் சட்டச் சிக்கல் உண்டா? யாராவது சொல்லுங்கள்.

கணக்கர், மார்த்தாண்டம்

உண்டு. முதலில் அந்தச் சேமிப்புக் கணக்கு. நண்பர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், லட்சக்கணக்கில் அவர் கணக்குக்கு வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் வாரிசுக்குப் போகும். அவருக்கு அந்தச் சுமை வேண்டாம்.

கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருந்தால் அதன் வழியாகக் கொடுங்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தனிக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். ஈத்தாமொழி அண்ணனுக்கும் இதைத்தான் சொல்வேன்.

வருமான வரிச் சலுகை எதிர்பார்ப்பவர்கள், வாங்கும் அமைப்புக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு அனுமதி (80ஜி என்று சொல்லப்படுவது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. உங்கள் பாஸ்போர்ட் நகல் ஒன்றைச் சங்கம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கனடாக் குடிமகன் ஆகிவிட்ட நண்பர் நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். 2020-இல் செய்த திருத்தப்படி டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் அது வர வேண்டும். அனுமதி இல்லாத சங்கம் அவரிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. நல்லெண்ணத்தில் செய்த தவறு என்று சொன்னாலும் சட்டம் விடாது.

கடற்கரை மகள்

இந்தப் பக்கத்தை இதுவரை வாசித்திருக்கிறேனே தவிர எழுதியதில்லை. இதற்காகவே கணக்குத் தொடங்கினேன்.

நான் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். 2017-இல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 30 ஒக்கிப் புயல். அப்பா ஆழ்கடலில் இருந்தார். எட்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. லட்சத்தீவில் கரையேறியிருக்கிறார் என்று ஒன்பதாம் நாள் தெரிந்தது. எங்கள் தெருவில் திரும்பாதவர்கள் இருந்ததால் நாங்கள் வாய்விட்டுச் சந்தோஷப்படவும் இல்லை. அப்பா வந்தார், படகும் வலையும் வரவில்லை. அடுத்த தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் எனக்கு நினைவில் இருக்கவேயில்லை. அது முடிந்து இரண்டு நாள் கழித்து, அபராதத்தோடு எவ்வளவு ஆகும் என்று கேட்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "உனக்குக் கட்டியாயிற்றே, ரசீதை வாங்கிக்கொள்" என்றார். யார் என்று கேட்டேன். "கல்லூரிதான்" என்றார். இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ரசீது என் பட்டச் சான்றிதழோடு ஒரே உறையில் இருக்கிறது.

இன்னொரு அனுபவமும் உண்டு. அது வேறோர் இடத்தில் நடந்தது, பெயர் வேண்டாம். புயலில் பாதித்த மாணவிகளுக்கு உதவி என்று அழைத்தார்கள். ஒவ்வொருவராக மேடைக்குப் போனோம். ஒலிபெருக்கியில் ஊர், அப்பா பெயர், என்ன இழப்பு என்று வாசித்தார்கள். எனக்கு முன்னால் நின்றவளின் அப்பா திரும்பாதவர். அதை வாசித்துவிட்டு, புகைப்படத்துக்கு நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள். 2,000 ரூபாய் கொடுத்தார்கள். எங்களுக்கு அப்போது அது பெரிய தொகை, நன்றியோடுதான் வாங்கினோம். ஆனால் இறங்கி வந்ததும் அவள் உறையை என் கையில் கொடுத்து, "இதை என் அம்மாவிடம் கொடுத்துவிடு, என்னால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது" என்றாள்.

எங்கள் கல்லூரியில் மதியச் சாப்பாட்டுக்கு ஏழைப் பிள்ளைகளுக்கு உணவகச் சீட்டு கொடுப்பார்கள். ஆசிரியர்கள் பணம் கட்டி வாங்குகிற அதே இளஞ்சிவப்புச் சீட்டு. அதே சோறு, அதே சாளைக் குழம்பு. உணவகத்தில் பரிமாறும் அண்ணனுக்குக்கூட யார் காசு கொடுத்த சீட்டு, யார் கொடுக்காத சீட்டு என்று தெரியாது. நிறத்தை மாற்றாமல் விட்டது யாருடைய யோசனையோ, அவருக்கு ஒருநாள் நன்றி சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன்.

நான் இப்போது மதுரையில் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஈத்தாமொழி அண்ணன், உங்கள் அம்மா சொன்னதைப் போல என் அம்மாவும் காதில் புண் என்றுதான் சொல்வார். இரண்டு ஊருக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் இருந்தாலும் அம்மாக்கள் சொன்ன காரணம் ஒன்றாக இருந்திருக்கிறது. இந்த ஜூனுக்குள் 10,000 ரூபாய் அனுப்புகிறேன். உங்கள் வகுப்பு இல்லாதவர்களிடம் வாங்குவீர்களா?

ஈத்தாமொழிக்காரன்

ஜூலை மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கு எழுதியவர்கள் எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

அக்கா எழுதியதை அப்படியே வகுப்புக் குழுவில் போட்டேன். கடைசித் தேதியை மூன்று முறை கேட்ட பையனைப் பற்றி வாசித்துவிட்டு, மேடை வேண்டும் என்று நின்ற நண்பனே இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். "நானும் அப்படிக் கேட்டிருக்கிறேனடா, இரண்டாம் ஆண்டில்" என்றான். மூன்று ஆண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், எனக்கு அது தெரியாது.

தக்கலை ஆசிரியர் சொன்னதையும் விடவில்லை. 50,000 ரூபாய் எங்கள் துறைத் தலைவர் பெயரில் பரிசுக்காக வைப்புநிதி ஆகியிருக்கிறது. 2,50,000 ரூபாயை இன்னொரு வைப்புநிதியாகப் போட்டு, ஆண்டுதோறும் மே கடைசியில் வட்டி கைக்கு வரும்படி வைத்திருக்கிறோம். ஏழு சதவீதம் என்று வைத்தாலும் 17,500 ரூபாய். அது போதாது என்பது தெரியும். அதனால் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் பழைய மாணவர் சங்கத்தின் கணக்குக்குப் போட 26 பேர் ஒப்புக்கொண்டு, வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதி 1,35,000 ரூபாய் ஜூன் முதல் வாரமே கல்லூரிக்குப் போய்விட்டது. கணக்கர் அண்ணன் சொன்னபடி இரண்டு கையெழுத்து. புரொஜெக்டரை இப்போது செய்ய முடியவில்லை என்று முதல்வரிடம் நேரில் போய்ச் சொன்னோம். காரணத்தைக் கேட்டதும் அவரே அலுவலகத்திலிருந்து ஓர் ஊழியரையும் இரண்டு ஆசிரியர்களையும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பில் போட்டார்.

சென்ற வாரம் கணக்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நீல அட்டை போட்ட நோட்டு. பெயர் இல்லை. வரிசை எண், தேதி, எதற்கு, எவ்வளவு என்று மட்டும் இருக்கிறது. 23 பேருக்கு 92,400 ரூபாய். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், ஓர் இடத்தில் "மூக்குக் கண்ணாடி" என்று இருந்தது. பதினாறாவது வரியில் "மூன்று மாதப் பஸ்" என்று எழுதி, அதை அடித்துவிட்டு "விடுதி" என்று மாற்றியிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். மலைப் பக்கத்துப் பிள்ளை, பஸ் நேரம் ஒத்துவராததால் விடுதியிலேயே சேர்த்துவிட்டோம் என்றார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கடற்கரைத் தங்கச்சிக்கு: உங்கள் பணம் வந்து சேர்ந்தது, ரசீது உங்கள் முகவரிக்குப் போயிருக்கிறது. எந்த வகுப்பாக இருந்தாலும், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் வாங்குகிறோம். உணவகச் சீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைக் காட்டினேன். இங்கே இலவசச் சீட்டு பச்சை நிறத்தில் தனியாக இருந்தது. இருக்கிற கட்டு தீர்ந்ததும் ஒரே நிறத்தில் அச்சடிக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். கட்டு தீரும் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று, அச்சகம் வைத்திருக்கும் எங்கள் வகுப்புத் தோழன் மறுநாளே புதுச் சீட்டு அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

செவ்வாழைக்காரன் விளையில் இந்த மாதம் இரண்டு வாழை குலை தள்ளியிருக்கிறதாம். டிசம்பருக்கு வெட்டப் பதமாக இருக்கும் என்று இப்போதே முட்டு கொடுத்து வைத்திருக்கிறான்.

அக்கா, உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கையில் 42,600 ரூபாயும் தங்கச்சியின் 10,000 ரூபாயும் இருக்கின்றன. நவம்பர்த் தேர்வுக் கட்டண அறிவிப்பு வந்த பிறகு பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தால் போதுமா, அல்லது ஆகஸ்டிலேயே வருகைப் பதிவைப் பார்த்து, வகுப்புக்கு வராமல் வேலைக்குப் போகிறவர்களைத் தேடத் தொடங்க வேண்டுமா? பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் உங்களிடம் நேரில் பேச வேண்டும் என்கிறார். இந்தச் சனிக்கிழமை பார்வதிபுரத்துக்கு அவரை அழைத்து வரலாமா?